அமை 1, அமை 2, அமை 3

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தால் போதும், "செட்டுக்குத் தமிழில் என்ன?" என்று ஒற்றைச் சொல்லை மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. முன்பெல்லாம் நானும் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். இப்போது எந்த வாக்கியத்தில் வருகிறது என்று கேட்காமல் வாயைத் திறப்பதில்லை. பட்டது அப்படி.

உடற்பயிற்சி ஆப் ஒன்றைத் தமிழாக்கும் வேலை. இதில் திரை எதுவும் கண்ணில் காட்ட மாட்டார்கள், எக்செல் தாளில் வரிசையாகச் சொற்கள் வரும், பக்கத்துக் கட்டத்தில் தமிழை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் வெறும் 'செட்'. டைமரை செட் செய்யும் பட்டனாக இருக்கும் என்று நானே முடிவுகட்டி 'அமை' என்று போட்டுவிட்டேன். ஆப் வெளியானதும் திறந்து பார்த்தால், தண்டால் படத்துக்குக் கீழே அமை 1, அமை 2, அமை 3 என்று நிற்கிறது. உடற்பயிற்சியில் செட் என்றால் விடாமல் இத்தனை முறை என்று செய்யும் ஒரு சுற்று, தண்டாலை எங்கே போய் அமைப்பது? கொடுமை என்னவென்றால் அதே திரையின் அடியில் டைமர் பட்டனும் இருந்தது, அங்கே 'அமை' கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. பாதி சரி என்று சொல்லித் தப்பிக்க முடியுமா என்ன.

ஆங்கிலத்தில் கஷ்டமான சொல் எது என்றால் வாயில் நுழையாத நீளமான ஒன்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவற்றால் பெரிய தொல்லை கிடையாது, பெரும்பாலும் ஒரே பொருள்தான், அகராதியைப் பார்த்தால் முடிந்தது. ஆளைக் கவிழ்ப்பவை செட், ரன், புட், மேக் மாதிரி குட்டிச் சொற்கள். 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே வினைச்சொல்லான 'செட்'தான்: 430 பொருள்கள், விளக்கமும் எடுத்துக்காட்டுமாகச் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம். அப்புறம் அகராதியைத் திருத்தி எழுதிக்கொண்டே வந்ததில் 2011இல் 'ரன்' முந்திவிட்டது, வினைச்சொல்லாக மட்டும் 645. (ரொம்பவும் மலைக்க வேண்டாம். ஆறு ஓடுவதும் மூக்கு ஒழுகுவதும் ஒரு பொருளா இரண்டா என்பது அகராதிக்காரர் கத்தியை எங்கே வைக்கிறார் என்பதைப் பொறுத்தது.)

செட்டின் கதை அதைவிட சுவாரஸ்யம். நம்முடைய அமர், அமர்த்து மாதிரிதான் அவர்களுடைய சிட், செட். முதலாவது உட்கார், இரண்டாவது உட்காரவை. இது தெரிந்துவிட்டால் பாதிப் பொருள்கள் தானாகவே வழிக்கு வரும். மேசையில் தட்டு வைப்பது, அலாரம் வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, சிமெண்ட் இறுகுவது, சூரியன் மேற்கே இறங்குவது என எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று ஓரிடத்தில் போய் உட்காருகிறது. ஆனால் தொகுதி, கூட்டம் என்ற பொருள் தரும் செட் வேறு குடும்பம். லத்தீனில் 'செக்டா'வாக இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' அதற்குப் பங்காளி. உச்சரிப்பு ஒன்றாகிப் போனதில் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலக் கலந்துவிட்டன. நான் தண்டாலில் குப்புற விழுந்ததும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

"ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா, என்ன மொழியோ" என்று சலித்துக்கொள்பவர்கள் நம் 'பிடி'யைக் கொஞ்சம் பார்க்கட்டும். பஸ் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, இரும்பில் துருப் பிடிக்கிறது, குழந்தை அடம் பிடிக்கிறது, சம்பளத்தில் பிடிக்கிறார்கள். படம் பிடித்தார் என்றால் கேமரா, படம் பிடித்தது என்றால் ரசனை. ஒரு நாளாவது இதில் யாராவது தடுமாறியிருக்கிறோமா? போதாக்குறைக்கு அவர்களுடைய செட்டையும் நாம் சும்மா விடவில்லை. "அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலேயர் முழிப்பார். 431 என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

நேற்று அதே ஆப்பின் அடுத்த தாள் வந்திருக்கிறது. நடுவில் ஒரு கட்டத்தில் தனியாக 'ரன்'. ஓட்டமா, ஓடு என்ற கட்டளையா, இல்லை நிரலை இயக்கச் சொல்கிறார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஸ்க்ரீன்ஷாட் வரும்வரை அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.