டபுள் கிளிக் பண்ணா ஏதாவது சொல்லித் தொலைங்கடா

டபுள் கிளிக் பண்றேன். ஒண்ணும் வரலை.

விண்டோ வரலை. பிழைச் செய்தி வரலை. "முடியாது, போய் வேலையைப் பாரு"ன்னு ஒரு வரி வந்திருந்தாக்கூட, சரி, நம்மளையும் ஒரு ஆளா மதிச்சு பதில் சொல்லியிருக்குன்னு திருப்திப்பட்டிருப்பேன். ம்ஹூம். மறுபடி பண்றேன். கொஞ்சம் அழுத்தி. அப்புறம் கொஞ்சம் வேகமா. அப்புறம் மவுஸை வேட்டியில தொடைச்சிட்டு. பின்னாடி சேர்ல உக்காந்து பாத்துட்டிருக்கற மாமா, "மவுஸ்ல பேட்டரி போயிருக்கும் மாப்ள"ங்கறாரு.

ஒயர் வெச்ச மவுஸ் மாமா அது.

முன்கதை உங்க வீட்லயும் நடந்ததுதான். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சங்கு ஊதியாச்சு. பதினொண்ணுக்குப் போகலாம்னா டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்புச் சிப்பு கேக்குது, இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது இருக்கணும்ங்குது. மாமாகிட்ட இருக்கறது ஆறாம் தலைமுறை ஐ5. ஒரு குறையும் இல்லாம ஓடிட்டிருக்கற மெஷினை எடைக்குப் போட மனசு வருமா? விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு 24.04-ங்கற இலவச லினக்ஸைப் போட்டுக் கொடுத்தேன். போடறது கஷ்டமே இல்லை, அதுல பொய் சொல்ல மாட்டேன். வைஃபை தானா புடிச்சுது, ஸ்பீக்கர் தானா பேசுச்சு, மாமாவே "பரவால்லையே மாப்ள, பழசைவிட வேகமா இருக்கு"ன்னாரு. அந்த வார்த்தையிலதான் கண்ணு பட்டிருக்கணும்.

மாமாவுக்கு ஒரு குறிப்பு எழுதற செயலி வேணும். போன்ல அதுலதான் பால் கணக்கு, வட்டிக் கணக்கு, சொந்தக்காரங்க மொய்க் கணக்கு எல்லாம் வெச்சிருக்காரு. பேரு வேணாம். லினக்ஸுக்கும் இருக்கு, ஆனா ஆப்இமேஜா மட்டும்தான் கொடுக்கறாங்க. ஆப்இமேஜ்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்: ஒரு செயலி, ஒரு கோப்பு. இன்ஸ்டால்னு ஒண்ணே கிடையாது. இறக்கு, டபுள் கிளிக் பண்ணு, ஓடும். கேக்கவே எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு பாருங்க.

இறக்கினது இறக்கினபடி ஓடாது. வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், "எக்ஸிக்யூட்டபிள் அஸ் புரோகிராம்"னு ஒரு சுவிட்ச், அதைத் தள்ளணும். தள்ளியாச்சு. அதுக்கப்புறம் பண்ணின டபுள் கிளிக்குக்குத்தான் மேல சொன்ன மரியாதை.

லினக்ஸ் தெரிஞ்ச நண்பருக்கு போன் போட்டா, எல்லா வியாதிக்கும் அவர்கிட்ட இருக்கற ஒரே மருந்து: "டெர்மினல்ல ஓட்டிப் பாருங்க." கட்டளை தட்டற அந்தக் கறுப்புத் திரையில ஓட்டினேன். அங்க பாத்தா காரணம் விலாவாரியா எழுதியிருக்கு! லிப்ஃபியூஸ்-ன்னு ஒரு நூலகத்தோட (மத்த செயலிங்க எடுத்துப் பயன்படுத்தற நிரல் தொகுப்பு) ரெண்டாம் பதிப்பு இல்லையாம், ஆப்இமேஜ் ஓட ஃபியூஸ் வேணுமாம். ஏன்டா, அப்போ உனக்குக் காரணம் தெரியுது. தெரிஞ்சு, எழுதியும் வெச்சிருக்க. ஆனா கறுப்புத் திரையைத் திறந்து வந்து கேக்கறவனுக்கு மட்டும்தான் சொல்லுவ. டபுள் கிளிக் பண்ற மனுஷனுக்குச் சொன்னா வாயில முத்து உதிர்ந்துடுமா?

நடந்தது என்னன்னா, உபுண்டு 22.04-லேருந்தே அந்தப் பழைய ரெண்டாம் பதிப்பைக் கூட வெச்சு அனுப்பறதை நிறுத்திட்டாங்க. மூணாம் பதிப்புதான் வருது. புது ஆப்இமேஜ் ரன்டைமுக்கு, அதாவது கோப்புக்குள்ளயே இருந்து செயலியைக் கிளப்பற நிரலுக்கு, பழசு தேவையே இல்லை. ஆனா இந்தச் செயலியைக் கட்டின மகராசங்க பழைய ரன்டைமை வெச்சே கட்டியிருக்காங்க. அவன் புதுசுக்குப் போயிட்டான், இவன் பழசுல நிக்கறான், நடுவுல நானும் மாமாவும்.

சரி, போடறேன். 24.04-ல அதோட பேரு வெறும் லிப்ஃபியூஸ்2 கிடையாது, வால்ல டி64-ன்னு ஒண்ணு ஒட்டியிருக்கு. அது எதுக்குன்னு தோண்டிப் பாத்தா, 2038-ல 32-பிட் கம்ப்யூட்டர்ல தேதிக் கணக்கு நிரம்பி வழிஞ்சிடும், அதுக்கு இப்பவே செஞ்ச முன்னேற்பாடாம். ரொம்ப நல்லது. இது 64-பிட் மெஷின், அந்தக் கண்டமே இதுக்குக் கிடையாது. 2038 வரைக்கும் தொலைநோக்கு இருக்கு, ஒரு டபுள் கிளிக்குக்கு பதில் சொல்ல நாதியில்லை.

அதுலயும் ஒரு வேடிக்கை. லிப்ஃபியூஸ்2 போடலாம். ஆனா "ஃபியூஸ்"னு மொட்டையா ஒரு பொட்டலம் இருக்கே, அதைப் போட்டுடாதீங்க, சிஸ்டமே உடைஞ்சு போகலாம்னு ஆப்இமேஜ் ஆவணத்துலயே எச்சரிக்கை போட்டிருக்காங்க. டெர்மினல் சொன்னது என்ன? "ஃபியூஸ் வேணும்." அதை நம்பி ஃபியூஸ்னு தட்டியிருந்தா மாமா வீட்டு டெஸ்க்டாப்புக்கே ஃபியூஸ் போயிருக்கும்.

சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரத்துல ஓட்டற கட்டளை, போட்டேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. மாமாவை அடிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தா, ஒரு விரல்ல, யோசிச்சு யோசிச்சு அடிக்கறாரு. திரையில ஒரு நட்சத்திரக் குறி வரணுமே, ஒரு புள்ளியாவது வரணுமே? வராது. கர்சர் அசையாது. "கீபோர்டும் போச்சா மாப்ள?"ன்னு என்னைப் பாத்த பார்வை இருக்கே, அந்த மெஷினைக் கெடுத்ததே நான்தான்ங்கற மாதிரி. இல்ல மாமா, அது விழுது, வெளிய தெரியாது, அடிங்க. "எத்தனை எழுத்து அடிச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி மாமா. உலகத்துலயே நியாயமான கேள்வி.

நூலகம் போட்டாச்சு. இப்போ டபுள் கிளிக்.

ஒண்ணும் வரலை.

இந்த இடத்துல நான் எந்திரிச்சுப் போய் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேன். திரும்ப டெர்மினல். இப்போ புதுக் காரணம். செயலிக்குள்ள குரோம் சாண்ட்பாக்ஸ்னு ஒரு பாதுகாப்புக் கூண்டு இருக்காம், அது ரூட்டுக்கு, அதாவது நிர்வாகிக்கு, சொந்தமா, 4755 அனுமதியோட இருக்கணுமாம், இல்லைன்னா ஓட மாட்டாராம். எங்கய்யா இருக்கு அந்த சாண்ட்பாக்ஸ்? டெம்ப் ஃபோல்டருக்குள்ள, ஆப்இமேஜ் ஓடறப்போ மட்டும் முளைக்கற ஒரு ஃபோல்டர்ல. அதோட பேர்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற எழுத்து. செயலி நின்னதும் அது மறைஞ்சிடும். இருக்கற நேரத்துலயும் படிக்க மட்டும்தான் முடியும், மாத்த முடியாது. அதாவது இல்லாத ஃபோல்டர்ல, மாத்த முடியாத கோப்போட அனுமதியை மாத்திட்டு வான்னு எனக்கு உத்தரவு. படிச்சதும் கோவம் போய் ஒரு மாதிரி மரியாதையே வந்துடுச்சு. இப்படி ஒரு செய்தியை எழுத தனித் திறமை வேணும்.

உண்மைக் காரணம் வேற. 24.04-ல ஆப்ஆர்மர்ங்கற பாதுகாப்புக் காவலோட கெடுபிடியை ஏத்திட்டாங்க. சாதாரணச் செயலி தனக்குன்னு ஒரு பெயர்வெளி (மத்ததுலேருந்து பிரிச்ச தனி இடம்) உண்டாக்கிக்கறதைத் தடுக்குது. எலக்ட்ரான்ல, அதாவது குரோமியம் பிரவுசரை உள்ள வெச்சுக் கட்டற முறையில, கட்டின செயலிங்க தங்களோட பாதுகாப்புக் கூண்டைக் கட்டிக்கறதே அதை வெச்சுத்தான். அது முடியாததால ரூட் அனுமதி கேட்டு மல்லுக்கு நிக்குது. பாதுகாப்பு நல்லதுதான், நான் மறுக்கலை. ஆனா நடைமுறையில ஊரே சொல்ற தீர்வு என்ன தெரியுமா? "நோ-சாண்ட்பாக்ஸ்"னு சேத்து ஓட்டு. பாதுகாப்பை ஏத்தினதால, இருந்த பாதுகாப்பையும் கழட்டி வெச்சிட்டு ஓட்டறோம். ஒழுங்கா செய்யணும்னா ஆப்ஆர்மருக்கு ஒரு விதிக் கோப்பு எழுதி ரூட்டா போய் வெக்கணும். மொய்க் கணக்கு பாக்க.

விதிக் கோப்பு எழுதினேன். செயலி திறந்துச்சு. மாமா கை தட்டினாரு. "சரி, இதை மெனுவுல வை"ன்னாரு.

ஆப்இமேஜ் மெனுவுக்குத் தானா வராது. டெஸ்க்டாப்னு முடியற ஒரு கோப்பை நம்ம கையால எழுதி, ஒளிஞ்சிருக்கற ஒரு ஃபோல்டர்ல வெச்சு, ஐகானுக்கு ஒரு வழி, ஓட்டறதுக்கு ஒரு வழின்னு முழு முகவரி எழுதணும். ஒரு செயலி ஒரு கோப்புன்னு ஆரம்பிச்ச கதை இது, ஞாபகம் இருக்கட்டும்.

இதெல்லாம் வேணாம், உபுண்டுவோட செயலிக் கடையிலயே எடுத்துக்கன்னு சொல்லுவீங்க. கடை லட்சணம் தெரியாதா? விஎல்சி-ன்னு தேடினா முதல்ல வந்து நிக்கறது ஸ்நாப்ங்கற உபுண்டுக்காரங்களோட சொந்தப் பொட்டல வகை. பழைய டெப் வகை வேணும்னா வடிகட்டியை மாத்தணும். ஃபயர்ஃபாக்ஸை டெர்மினல்ல ஏப்டி-ங்கற கட்டளை மூலமா கேட்டாக்கூட 22.04-லேருந்து ஸ்நாப்தான் வந்து உக்காரும். உபுண்டுவை வெச்சுக் கட்டின மின்ட் லினக்ஸ்காரங்க 2020-லயே ஸ்நாப்பை வாசல்ல தடுத்துட்டாங்க. உபுண்டுவோட கிளைங்க எதுலயும் 2023-லேருந்து ஃப்ளாட்பேக்-ங்கற போட்டிப் பொட்டல வகை தானா வராது. வரப்புத் தகராறுல பங்காளிங்க பேசாம இருக்கற மாதிரி ஒருத்தன் பொட்டலத்தை ஒருத்தன் தொடறதில்லை. ஸ்நாப்ல வந்த சில செயலிக்கு பென்டிரைவ் இருக்கறதே தெரியாது, தனியா அனுமதி கொடுக்கணும். கொடுக்கணும்னு அது வாய் திறந்து கேக்குமா? கேக்காது. காலி ஃபோல்டரைக் காட்டிட்டு கம்முனு இருக்கும்.

எழுத்துரு, கோடெக் (பாட்டு, வீடியோ ஓட வேண்டியது) எல்லாம் சேத்து ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்-னு ஒரு மூட்டை உண்டு. அதைப் போடுங்க. பாதியில திரை மாறி மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்கான ஒப்பந்தம் நீளமா வந்து நிக்கும். அடியில "ஓகே". மவுஸால அழுத்துங்க, ஒண்ணும் ஆகாது. என்டர் தட்டுங்க, ஆகாது. டேப் தட்டி, அந்த ஓகே சிவப்பாகி, அப்புறம் என்டர். எங்கயாவது எழுதியிருக்கா? சரி, அவ்வளவுக்கும் ஒத்துக்கிட்டு உள்ள வந்தது ஏரியல், டைம்ஸ், காமிக் சான்ஸ். விண்டோஸ்ல இருந்த தமிழ் எழுத்துரு லதா கிடையாது. மாமாவோட பழைய லெட்டர் எல்லாம் லதாவுல இருக்கு. அதைத் திறந்தா வேற தமிழ் எழுத்துருல காட்டுச்சு, படிக்க முடிஞ்சுது, குத்தமில்லை. "இப்படிக்கு" மட்டும் தனியா ரெண்டாம் பக்கத்துக்குக் குடி போயிடுச்சு.

தமிழ் அடிக்கறதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. தமிழ்99. 1999-ல சென்னையில மாநாடு கூட்டி, அரசாங்கமே ஏத்துக்கிட்ட விசைப்பலகை. அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலு தட்டு. முதல் ம-வுக்குப் புள்ளி தானா விழும், ஆ தானா காலா மாறி ஒட்டிக்கும். செட்டிங்ஸ்ல போய் தமிழைத் தேடினா தமிழ்நெட் 99-ன்னு ஒண்ணு கண்ணு முன்னால நிக்கும். ஆகா கிடைச்சிடுச்சுன்னு எடுப்பீங்க. அது வெறுமனே விசைக்கு ஒரு எழுத்துன்னு ஒட்டி வெச்ச வரைபடம். முன்னாடி என்ன அடிச்சீங்கன்னு அதுக்கு ஞாபகமே கிடையாது, புள்ளி எப்படித் தானா விழும்? அம்மாவைத் தவிர மத்ததெல்லாம் வந்துச்சு. நிஜமா வேலை செய்யறது ஐபஸ் எம்17என்-ங்கற பொட்டலத்துல இருக்கு. இங்கிலீஷ்ல இன்ஸ்டால் பண்ணின இந்த மெஷின்ல அது இல்லை. போட்டேன். அப்பவும் பட்டியல்ல வரலை. லாக்அவுட் பண்ணி உள்ள வந்தாத்தான் வருமாம். லாக்அவுட் பண்ணிட்டு வாடான்னு ஒரு வரி, ஒரே ஒரு வரி, எவனுக்காவது எழுதத் தோணுச்சா?

எல்லாம் முடிஞ்சு, மாமா மெனுவுல அந்த ஐகானை, நான் கையால நட்ட ஐகானை, அழுத்தினாரு. மொய்க் கணக்கு வந்துச்சு. கூடவே மூலையில சின்னதா ஒரு அறிவிப்பு: புதிய பதிப்பு தயார். மாமா சந்தோஷமா "ஆமாம்"னு அழுத்திட்டாரு. புது ஆப்இமேஜ் இறங்குச்சு. கோப்புப் பேர்ல பதிப்பு எண் மாறிடுச்சு. பழசு அழிஞ்சிடுச்சு. மெனு ஐகான் இன்னும் பழைய பேரையே தேடிட்டிருக்கு.

மாமா டபுள் கிளிக் பண்ணாரு. ஒண்ணும் வரலை. என்னைத் திரும்பிப் பாத்தாரு. எனக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. அவருக்கும். ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர சிரிச்சோம். அத்தை அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்து, "ரெண்டும் சாப்பிடாம கெடந்து மண்டை கொழம்பிடுச்சு"ன்னுட்டு பரோட்டா பார்சலைக் கொண்டாந்து வெச்சாங்க.

அந்த சால்னா கவர். அதுக்கு நூல் சுத்தறவரை நான் ஒருநாள் நேர்ல பாக்கணும். எதுக்குங்க அத்தனை சுத்து? கவர் முழுக்க காத்தை ரொப்பி, கழுத்தை நெரிச்சு, நூலை வரிஞ்சு வரிஞ்சு கட்டி, கடைசி முனையை எங்கயோ உள்ள சொருகி வெச்சிருப்பாரு. நகத்தால வராது, பல்லால வராது. இழுத்தா இன்னும் இறுகும். பசியில கத்திரிக்கோல் தேடற கொடுமை வேற எந்த ஊர்லயாவது உண்டா? குத்தினா பீய்ச்சி அடிக்கும். அடிச்சுது. கீபோர்டு மேல.