பாதுகாப்புன்னு சொல்லி யாரைத் தடுத்தாங்க?

ட்ரம்ப்போட டிராவல் பேன், அதாவது சில நாட்டுக்காரங்க அமெரிக்காவுக்குள்ள வரக்கூடாதுன்னு 2017ல அவர் போட்ட தடை, அதைப் பத்திப் பேச்சு வந்தாலே நம்ம ஆளுங்க, அதுவும் அமெரிக்காவுலயே வேலை பாக்குற ஐடி பசங்க, "அவன் நாடு, அவன் பாதுகாப்பு, இதுல என்னங்க தப்பு"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. என்னால இதை ஒத்துக்கவே முடியல.

யாரை உள்ள விடணும்னு முடிவு பண்ற உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு, அதுல சண்டையே இல்ல. 2015 டிசம்பர்ல சான் பெர்னார்டினோவுல புருஷனும் பொண்டாட்டியுமா 14 பேரைச் சுட்டுக் கொன்னாங்களே, அதுல புருஷன் சிகாகோவுல பொறந்தவன், அந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிக்க வர்றவங்களுக்குக் குடுக்குற விசாவுல வந்தவ. அங்க செக்கிங்ல கோட்டை விட்டாங்க, நிஜம். சரி, இன்டர்வியூவை இறுக்கு, பேக்ரவுண்ட் செக்கை இன்னும் ரெண்டு தடவை பண்ணு, யாரு வேணாம்னா? ஆனா அஞ்சே நாள்ல ட்ரம்ப் கேட்டது என்ன, முஸ்லிம்னா யாருமே உள்ள வரக்கூடாதுன்னு. 2017 ஜனவரில ஏழு நாட்டு லிஸ்ட் வந்தப்போ அந்தப் பொண்ணு பொறந்த பாகிஸ்தானும் அதுல இல்ல, முன்னாடி அவ வாழ்ந்த சவுதியும் இல்ல. 9/11ல விமானம் கடத்துன 19 பேர்ல 15 பேர் சவுதி, மிச்சப் பேர் எமிரேட்ஸ், எகிப்து, லெபனான். அதுல ஒரு நாடு கூட லிஸ்ட்ல கிடையாது.

இதுக்கு முன்னாடி 2002லயே ஒண்ணு பண்ணிப் பாத்தாங்க. பெரும்பாலும் முஸ்லிம் நாட்டு ஆம்பளைங்க, வந்து கைரேகை குடுத்து ரெஜிஸ்டர் பண்ணணும்னு. 80,000 பேருக்கு மேல போய் நின்னாங்க, அதுல சுமார் 13,000 பேர் மேல நாடு கடத்துற கேஸ் போட்டாங்க, தீவிரவாதின்னு ஒருத்தருக்குக் கூட தண்டனை ஆகல.

2018 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு தடை செல்லும்னு சொல்லிடுச்சு, விதிவிலக்கு குடுக்க வழி இருக்குன்னு அதையும் ஒரு காரணமா சொன்னாங்க. அந்த விதிவிலக்கு எப்படி கிடைச்சுச்சுன்னு பாருங்க. எகிப்துல இருந்த ஒரு ஏமன் அம்மா. புருஷன் அமெரிக்க சிட்டிசன், ரெண்டு வயசுப் பையனும் சிட்டிசன். பிள்ளைக்கு மூளையில பரம்பரை நோய், அப்பா அமெரிக்காவுல இருக்குற ஓக்லேண்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டார், அம்மாவுக்கு மட்டும் விசா இல்ல. பையன் லைஃப் சப்போர்ட்ல கிடக்குறான், அந்த மனுஷன் கேமரா முன்னாடி நின்னு அழுது, நாடே கேள்வி கேட்டு, அதுக்கப்புறம் தான் விசா வந்துச்சு. 2018 டிசம்பர் 19 அந்தம்மா வந்து இறங்கினாங்க, 28ந் தேதி பிள்ளை போயிட்டான். அந்தத் தாயைத் தடுத்து வச்சதுல அமெரிக்காவுக்கு என்ன பாதுகாப்பு கிடைச்சுச்சு, யாராவது சொல்லுங்க.

இன்னொண்ணு. இந்தத் தடைக்கு எடுத்தது 1952 சட்டத்துல 212(எஃப்)னு ஒரு பிரிவு, நாட்டு நலனுக்குக் கேடுன்னு அதிபர் சொன்னா எந்த வகை வெளிநாட்டுக்காரங்களையும் நிறுத்தலாம். 2025 செப்டம்பர்ல ஐடி பசங்க வேலைக்குப் போற ஹெச்1பி விசா புதுசா வாங்க 1,00,000 டாலர்னு உத்தரவு வந்து, லீவுக்கு ஊருக்கு வந்திருந்த பசங்க பாதியில அடிச்சுப் பிடிச்சு ஏர்போர்ட்டுக்கு ஓடினாங்களே, அதுக்கும் இதே பிரிவு தான். நாங்க என்ன தப்பு பண்ணோம்னு அன்னிக்கு எல்லாரும் கேட்டீங்க, நியாயமான கேள்வி. ஏமன்காரங்களும் சோமாலியாக்காரங்களும் 2017ல இதையே தானே கேட்டாங்க, அப்போ மட்டும் ஏன் கை தட்டுனீங்க?