இருட்டில் கறுப்புப் புகையைப் படம் எடுப்பது எப்படி?

பக்கத்துக் காகித ஆலைக்காரர்கள் மறுபடியும் கரியைத் தூவிவிட்டார்கள். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்துவைத்த ஜவ்வரிசி வடாம் முழுவதும் கரி. ஊதினால் பறக்காது, விரலால் தொட்டால் பிசுபிசுவென்று இழுபடும். புதுச்சேரியின் திருபுவனைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா என்ன?

புகார் எண்ணுக்கு அழைத்தேன்.

"காகிதக் கழிவைத்தானே அம்மா கொதிகலனில் எரிக்கிறார்கள்? காகிதம் மரத்திலிருந்து வருவது. விறகு எரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? பழைய அட்டைப்பெட்டியைக் கூழாக்கும்போது காகிதமெல்லாம் கூழோடு போய்விடுகிறது ஐயா! பாலித்தீன் உறை, ஒட்டிய டேப், நுரைத் துண்டு, ஸ்டேப்பிள் கம்பி என்று காகிதம் அல்லாத அத்தனையும்தான் கழிவாக ஒதுங்குகிறது. அதில் பி.வி.சி. பிளாஸ்டிக் இருந்தால் அதன் எடையில் பாதிக்குமேல் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும், டையாக்சின் என்ற கொடிய நஞ்சு வரும். டையாக்சின் சிதைய 850 டிகிரிக்கு மேல் இரண்டு விநாடியாவது புகை வேக வேண்டும். வெந்தாலும், ஆறும் வழியில் 400 டிகிரியிலிருந்து 200க்கு மெல்ல இறங்கினால் மறுபடி உருவாகிவிடும். உமிக்கும் விறகுக்கும் கட்டிய கொதிகலனிடம் இதையெல்லாம் யார் சொல்வது? புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் பை வடிகட்டி இல்லையென்றால் சாம்பல் நேராகப் புல்லில் இறங்கும், மாடு மேயும், பால் கொழுப்பில் டையாக்சின் தங்கும். காபி குடிப்பவர்கள் கவனிக்கவும்.

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் அமைதி.

"புகை இப்போது வருகிறதா?"

"இரவில்தான் சார் விடுகிறார்கள்."

"என்ன நிறம்?"

"கறுப்பு."

"அப்படியானால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்."

அமாவாசை இருட்டில் கறுப்புப் புகையை! எடுத்தேன். அனுப்பினேன். கைப்பேசித் திரை அளவுக்கு ஒரு கறுப்பு. பதில் வந்தது: 'படம் தெளிவாக இல்லை.' பிறகு ஒருநாள் உச்சிவெயிலில் வந்து பார்த்தார்களாம். புகைபோக்கி பரம சாது, துளிப் புகையில்லை. 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று குறுஞ்செய்தி. மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அது கிடக்கட்டும். தெருவை மறுபடி தோண்டிப்போட்டிருக்கிறார்களே, அதை யாரிடம் சொல்வது? குடிநீர்க் குழாய் பதிக்கிறார்களாம். போன மாதம் தோண்டிப் பதித்தது என்ன, புல்லாங்குழலா?