அந்த அரை மணி நேரத்தை அவளுக்குக் கொடுங்கள்

போன மார்ச் மாதம் ஒரு மாலை. நான் காசாளராக வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் கணக்கு முடிக்கும்போது இரண்டாயிரம் ரூபாய் குறைந்தது. கட்டுகளைப் பிரித்து மூன்று முறை எண்ணினோம். கடைசியில் ஒரு செலானில் தொகையைத் தவறாகப் பதிந்திருந்தது தெரிந்தது. பணம் எங்கும் போகவில்லை. ஏழரை மணிக்கு வீட்டுக்குள் கால் வைத்தேன். பள்ளியில் பென்சில் டப்பாவைத் தொலைத்துவிட்டதாக மகன் சொன்னான். நாற்பது ரூபாய் டப்பா. அதற்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற பிள்ளையின் முகம் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்தக் கோபத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பணம் குறைகிறது என்றதும் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, பின்னாலேயே கார்ட்டிசால் சுரக்கிறது. இரண்டும் நெருக்கடி நேரத்து ஹார்மோன்கள். கணக்கு சரியாகிவிட்டது என்று உடனே அது அடங்கிவிடாது. இரத்தத்தில் கார்ட்டிசால் பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதையெல்லாம் சுமந்துகொண்டு நேராக அடுப்படிக்குப் போனால் யார் மேலாவது இறங்கத்தான் செய்யும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் பிள்ளைகள் மேல் இறங்குகிறது.

அந்த மாதமே இரத்த அழுத்தம் 150/96 என்று காட்டியது. உப்பைக் குறைக்கவும் தினமும் நடக்கவும் மருத்துவர் சொன்னார். நடப்பதற்கு எங்கே நேரம் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு ஒரு நாள் திருச்சியில் திருவரங்கம் போகும் பஸ்ஸிலிருந்து அண்ணா சிலையிலேயே இறங்கி, காவிரிப் பாலத்தை நடந்தே கடந்தேன். முதுகுக்குப் பின்னால் மலைக்கோட்டை, எதிரே ராஜகோபுரம். சித்திரை வெயிலில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தாலும் அந்தக் காற்று மட்டும் இருக்கிறது. நான்கு அடிக்கு மூச்சை இழுத்து, ஆறு அடிக்கு மெதுவாக விட்டேன். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. பாதிப் பாலத்தில் தோள் தளர்ந்ததை நானே உணர்ந்தேன். கைபேசி பைக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்திருந்தால் அலுவலகக் குழுவின் செய்திகள் பாலத்துக்கும் வந்திருக்கும்.

லால்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வயலிலிருந்து வந்ததும் செம்பில் தண்ணீர் எடுத்துக் கை கால் கழுவுவார். பிறகு திண்ணையில் சாய்ந்து உட்காருவார். அவராகப் பேசும்வரை யாரும் போய்ப் பேச மாட்டார்கள். ஆனால் அதே வயலில் நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு வந்த அப்பாயி, சேற்றுக் காலைக் கழுவிய கையோடு அடுப்பைப் பற்ற வைப்பார். அந்தத் திண்ணையில் அவர் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இன்று திண்ணைகள் போய்விட்டன. அப்பாயியின் ஓட்டம் மட்டும் என்னைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ‘டென்ஷன் ஆகாதே’ என்று எங்களிடம் சொல்பவர்கள், இறக்கி வைக்க ஓர் இடமும் நேரமும் தந்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அன்றாட நெருக்கடிக்கும் மனச்சோர்வு நோய்க்கும் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். அது ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் பாலமும் மூச்சும் போதாது. அந்த எண்ணம் ஒரு முறை வந்தாலே நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

தினமும் இப்படி நடந்து, அரை மணி நேரம் தாமதமாக எட்டு மணிக்கு நான் வந்தால் வீடு என்ன ஆகும் என்று பயந்தேன். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. இரண்டாம் வாரம் கணவர் குக்கரை வைக்கத் தொடங்கினார். பாலம் இல்லாத ஊரில் மொட்டை மாடி போதும், தெருமுனைக் கோயில் படி போதும்.

வேலைக்குப் போகும் பெண் இருக்கும் வீடுகளில் உள்ளவர்களை மன்றாடிக் கேட்கிறேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘இன்றைக்கு என்ன சமையல்’ என்று கேட்காதீர்கள். அரிசியைக் கழுவி உலையில் போடுங்கள்.