பீரங்கியைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்

நேற்று இரவு அந்தத் தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது புரியும். "ஏவுகணைக் காலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி எதற்கு? காயலான் கடை இரும்பு" என்றார் அந்த விருந்தினர். நெறியாளரும் தலையாட்டினார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏவுகணையால் பக்கத்தில் வந்துவிட்டதை அடிக்க முடியாது. அது வேகமெடுத்துத் திரும்ப இடம் வேண்டும். ரஷ்யாவின் துங்குஸ்கா என்ற விமான எதிர்ப்பு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏவுகணை 8 கிலோமீட்டர் வரை பாயும். இரண்டரை கிலோமீட்டருக்குள் நுழைந்துவிட்ட இலக்கைத் தொடாது. அங்கே காப்பது 30 மில்லிமீட்டர் பீரங்கிதான். அதற்கு முன்பு வந்த, பீரங்கி மட்டுமே இருந்த ஷில்கா வண்டியோ, தொலைவில் நின்றபடி ஏவுகணை வீசும் ஹெலிகாப்டரை எட்ட முடியாமல் திணறியது. இரண்டு குறைகளையும் பார்த்த பிறகுதான் இரண்டு ஆயுதங்களையும் ஒரே வண்டியில், ஒரே ரேடாரின் கீழ் வைத்தார்கள். பக்கத்தில் வந்துவிட்டால் பீரங்கி வேண்டும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என் பெரியப்பா நம் ராணுவத்தின் எல்-70 என்ற விமான எதிர்ப்புப் பீரங்கியில் பணியாற்றியவர். ஒடிசாவின் கோபால்பூர் கடற்கரையில், விமானம் இழுத்துச் செல்லும் துணி இலக்கைச் சுட்ட கதையை நூறு முறையாவது சொல்லியிருப்பார். அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. சாப்பிடும்போது நாங்கள் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவோம். விடுமுறையில் ஊருக்கு வரும் சிப்பாய்களிடம் அவர் முதலில் விசாரிப்பது, "நம்ம பீரங்கி இன்னும் இருக்கிறதா?" என்பதைத்தான். 2019இல் இறந்தார். 2025 மே மாதம் எல்-70 ட்ரோன்களை வீழ்த்தியது என்று ராணுவம் அறிவித்தபோது, அந்தச் செய்தியை அவர் படத்துக்கு முன்னால் நின்று உரக்கப் படித்தேன்.

பாசத்தில் பேசுகிறான் என்பீர்கள். பாசம்தான். அதனால் கணக்கு பொய்யாகிவிடுமா?

"2020இல் லிபியாவில் துருக்கி ட்ரோன்கள் ரஷ்யத் தயாரிப்பான பான்ட்சிர் விமான எதிர்ப்பு வண்டிகளைக் கொளுத்தினவே, அதில் பீரங்கியும் இருந்ததே" என்று சிலர் வருவார்கள். இருந்தது. அந்த ட்ரோன்கள் பீரங்கிக்கு எட்டாத உயரத்தில் பறப்பவை. அவற்றைத் தடுத்திருக்க வேண்டியது அதே வண்டியில் இருந்த ஏவுகணை. அப்படியானால் ஏவுகணையையும் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாமா? ரேடார் பழுது, ஆள் பயிற்சி என்றெல்லாம் வாதிடலாம். அதற்கும் பீரங்கிக்கும் தொடர்பில்லை.

பீரங்கி இனி வேண்டாம் என்றுதான் ஜெர்மனியும் நினைத்தது. கெப்பார்ட் பீரங்கி வண்டிகளை 2010இல் ஓய்வுக்கு அனுப்பியது. 2022இல் அதே வண்டிகள் உக்ரைனுக்குப் போய் ரஷ்யா ஏவிய ஷாஹெட் ட்ரோன்களை வீழ்த்தத் தொடங்கின. சுவிட்சர்லாந்தில் தயாரான அவற்றின் குண்டுகளை மறு ஏற்றுமதி செய்ய அந்த நாடு சம்மதிக்கவில்லை. ஜெர்மனியில் புதிதாக உற்பத்தி தொடங்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கியதைத் திரும்பப் பெற அத்தனை அலைச்சல்.

நம் கதைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. எல்-70 இழுத்துச் செல்ல வேண்டிய பீரங்கி, டாங்கிகளோடு ஓடாது. ஓடக்கூடிய பீரங்கி–ஏவுகணை வண்டிகள் 104 வாங்கும் திட்டம் இருந்தது. தென்கொரியாவின் பிஹோ வண்டி சோதனைகளில் தேறியது. போட்டியில் தேறாத ரஷ்யா ஆட்சேபித்தது. 2020இல் கொள்முதல் கைவிடப்பட்டது. காயலான் கடை என்று சொன்னவரே, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பாலைவனத்தில் டாங்கியோடு போகும் சிப்பாயின் தலைக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டரில் ட்ரோன் வந்துவிட்டால் அவன் எதை எடுத்துச் சுட வேண்டும்? அதை அந்த அரங்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்.