மார்வெலின் முதல் கறுப்பின நாயகன் படம் ‘பிளாக் பாந்தர்’ அல்ல

அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான மார்வெலின் நாயகர்களில் கறுப்பினத்தவர் ஒருவரை மையமாக வைத்து வந்த முதல் படம் 2018இன் ‘பிளாக் பாந்தர்’ என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1998 ஆகஸ்டில், வெஸ்லி ஸ்னைப்ஸ் ரத்தக்காட்டேரி வேட்டைக்காரராக நடித்த ‘பிளேடு’ வெளிவந்துவிட்டது.

குழப்பம் எங்கே? மார்வெல் ஸ்டுடியோஸ் தானே தயாரித்துவரும் தொடர்வரிசையில் கறுப்பின நாயகனின் முதல் தனிப்படம் ‘பிளாக் பாந்தர்’, அதுவரை சரி. ‘பிளேடு’ நியூ லைன் சினிமாவின் வெளியீடு. அதனால் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. காமிக்ஸில் பார்த்தால் பிளாக் பாந்தர்தான் மூத்தவர், 1966. பிளேடு 1973இல் ‘தி டூம் ஆஃப் டிராகுலா’ (The Tomb of Dracula) காமிக்ஸின் 10ஆம் இதழில் துணைப் பாத்திரமாகத் தலைகாட்டினார்.

அந்தத் துணைப் பாத்திரத்தைத் திரைக்கு எப்படி மாற்றினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. காமிக்ஸில் அவர் சாதாரண மனிதர்: பச்சைக் கோட்டு, கண்ணாடி, கையில் மரக்கத்திகள். பிரசவத்தின்போது தாயை ரத்தக்காட்டேரி கடித்ததால், அவற்றின் கடி அவரைப் பாதிக்காது, அவ்வளவே. திரைக்கதை எழுதிய டேவிட் கோயரின் படத்தில் அவர் பாதிக் காட்டேரி. வெயிலில் நடப்பார், ரத்த வெறியை ஊசிமருந்தால் அடக்குவார். கறுப்புத் தோல் கோட்டும் வாளும் வந்தன. துணைக்கு விஸ்லர் என்ற முதியவரும் படத்துக்காகவே உருவாக்கப்பட்டார். பகையை வெளியில் மட்டும் வைக்காமல் நாயகனின் உடம்புக்குள்ளேயே வைத்த இந்த மாற்றம் அருமையானது. பிறகு காமிக்ஸே அவரைப் படத்துக்கேற்ப மாற்றிக்கொண்டது.

‘பிளேடு’கூட முதல் கறுப்பின சூப்பர்ஹீரோ படம் இல்லை, 1993இலேயே ‘தி மீட்டியார் மேன்’ வந்திருக்கிறது.