மார்ஷல் தீவுகள் இந்தியாவிடம் பணம் கேட்கவில்லை

"நஷ்டஈடு கேட்டு இந்தியா மீது மார்ஷல் தீவுகள் வழக்குப் போட்டது; நம் அணு ஆயுதம் சட்டப்படி சரி என்று ஹேக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது" என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. இரண்டுமே தவறு.

2014 ஏப்ரலில் பசிபிக் பெருங்கடலில் உள்ள அந்தக் குட்டி நாடு, அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகள் மீதும் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஒரு பைசாகூடக் கேட்கவில்லை. ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தையை நேர்மையாக நடத்துங்கள் என்பதே கோரிக்கை. நீதிமன்றத்தின் கட்டாய அதிகார வரம்பை (தங்கள் மீதான வழக்குகளை அது விசாரிக்கலாம் என்பதை) முன்கூட்டியே ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மீதான வழக்குகள் மட்டுமே விசாரணைக்கு வந்தன.

கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று நடந்த சோதனையில், அங்குள்ள ரோங்கெலாப் தீவில் கதிர்வீச்சு கலந்த வெள்ளைச் சாம்பல் கொட்டியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அன்று வானம் சிவந்ததை ஒன்பது வயதில் பார்த்த டோனி டிபுரூம்தான் பின்னாளில் வெளியுறவு அமைச்சராகி இந்த வழக்கைக் கொண்டுவந்தார்.

2016 அக்டோபர் 5 அன்று, வழக்குப் போடும் முன்பே இரு நாடுகளுக்கும் இடையே இது பற்றிச் சட்டரீதியான 'தகராறு' இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, அதனால் விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, 9-க்கு 7 என்ற வாக்கில் இந்தியா மீதான வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிரிட்டன் வழக்கில் 8-க்கு 8. தலைவரின் கூடுதல் வாக்குதான் முடிவு செய்தது. அணு ஆயுதம் சரியா தவறா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் போகவே இல்லை.